முதல் ஆட்டத்துக்கு ஒரே ஒரு தண்டவாளம்: ஓபன்டிடிடி விளையாடத் தொடங்குகிறவர்களுக்கு

செங்கோட்டை–புனலூர் பாதையில் ரயிலேறிப் போய் வந்தவர்களுக்கு ஓபன்டிடிடி என்ற கணினி விளையாட்டின் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டி வரும்வரை ஏதாவது ஒரு நிலையத்தில் கிராசிங்குக்காகக் காத்துக் கிடப்பது, மலையேறும்போது வண்டிக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின். இதையெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் இனிக் கற்றுக்கொள்ள வேண்டியது எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதுதான். அந்தப் பொத்தான்கள் ஏராளம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கிறிஸ் சாயர் என்ற நிரலாளர் 1994-இல் வெளியிட்ட டிரான்ஸ்போர்ட் டைகூன், அடுத்த ஆண்டு வந்த அதன் டீலக்ஸ் பதிப்பு, இவைதான் மூலம். அந்த டீலக்ஸ் பதிப்பைப் பிரித்து ஆராய்ந்து லுத்விக் ஸ்ட்ரிகேயஸ் புதிதாக எழுதி 2004-இல் வெளியிட்டதுதான் ஓபன்டிடிடி. திறந்தமூல விளையாட்டு, காசு கிடையாது. ஆர்வலர்கள் இன்றுவரை அதைச் செப்பனிட்டு வருகிறார்கள். உங்களுக்கு ஒரு போக்குவரத்து நிறுவனம் கொடுக்கப்படும். ரயில், பஸ், லாரி, கப்பல், விமானம் என்று எதை வேண்டுமானாலும் ஓட்டிச் சம்பாதிக்கலாம். பழைய மடிக்கணினியே போதும்.

புதியவர்கள் இதைப் பாதியில் கைவிடக் காரணம், இந்த 'எதை வேண்டுமானாலும்' என்பதுதான். முதல் நாளே நாலு ஊருக்கு பஸ் விட்டு, ஒரு விமான நிலையம் கட்டி, கடனில் மூழ்கி, எது லாபம் எது நஷ்டம் என்று தெரியாமல் மூடி வைத்துவிடுகிறார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு சுரங்கம், ஓர் அனல் மின்நிலையம், இரண்டையும் இணைக்கும் ஒற்றைப் பாதை, அதில் முதலில் ஒரு ரயில், பிறகு இரண்டு. இதற்கு மேல் எதையும் தொடாதீர்கள். இந்த விளையாட்டின் சூட்சுமம் முழுவதும் இரண்டாவது ரயிலை விடுகிற இடத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான்.

நிறுவும்போது

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். முதல்முறை திறக்கும்போது படங்களுக்கான கோப்புத் தொகுப்பை இறக்கலாமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. ஆனால் எல்லா வரிகளும் மொழிபெயர்க்கப்படவில்லை, பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வரும். என்னைக் கேட்டால் முதல் ஆட்டத்தை ஆங்கிலத்திலேயே ஆடுங்கள். சந்தேகம் வந்து இணையத்தில் தேடும்போது பொத்தானின் பெயர் பொருந்தி வரும். நாணயத்தை ரூபாய்க்கு மாற்றிக்கொள்ளவும் வழியிருக்கிறது. இலக்கங்கள் நீண்டு கண்ணைக் கட்டும் என்பதால் இங்கே பவுண்டிலேயே சொல்கிறேன்.

அமைப்புகளில் மூன்றை மட்டும் இப்போதே மாற்றுங்கள். வண்டிகள் பழுதாகி நிற்பதை அறவே அணைத்துவிடுங்கள். நடுவழியில் எஞ்சின் புகைவிட்டு நிற்பது அழகான காட்சிதான். ஆனால் வண்டி நிற்பது உங்கள் தவறாலா பழுதாலா என்று கற்றுக்கொள்ளும் காலத்தில் பிரித்தறிய முடியாது. அடுத்து, ஆட்டத்தை நிறுத்தி வைத்திருக்கும்போதும் கட்டுமானம் செய்ய அனுமதிக்கும் அமைப்பு ஒன்று உண்டு. அதில் எல்லாச் செயல்களுக்கும் அனுமதி கொடுங்கள். இங்கே ஒரு நாள் என்பது சுமார் 2 விநாடி, ஓர் ஆண்டு 12 நிமிடத்துக்குச் சற்று மேல். நிறுத்தி வைத்துக் கட்ட முடியாவிட்டால் நீங்கள் யோசிப்பதற்குள் கடனுக்கு வட்டி ஏறிவிடும். மூன்றாவதாக, தானாகச் சேமிக்கும் இடைவெளியைக் குறைத்து வையுங்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மலையடிவாரத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லத் தேவையில்லை.

எந்த உலகம்

புதிய ஆட்டம் தொடங்கும் திரையில் நான்கு தட்பவெப்பங்கள் காட்டப்படும். நம் ஊர் வெயிலுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று வெப்பமண்டலத்தைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். வேண்டாம். அதில் நிலக்கரிச் சுரங்கமே கிடையாது. பாலைவன ஊர்கள் வளரத் தண்ணீரும் உணவும் வேறு கேட்கும். மிதவெப்ப உலகத்தை எடுங்கள். வரைபட அளவு 256-க்கு 256 கட்டம் (நிலம் முழுவதும் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும்), நிலம் சமதளம், தொடக்க ஆண்டு 1950, போட்டி நிறுவனங்கள் பூஜ்யம். மலைநாட்டில் பிறந்தவர்களுக்குச் சமதளம் சப்பென்று இருக்கலாம், மலையை இரண்டாவது ஆட்டத்தில் ஏறிக்கொள்ளலாம்.

சுரங்கமும் மின்நிலையமும்

தொடக்கத்தில் கையில் இருக்கும் 1,00,000 பவுண்டு முழுவதும் கடன். நிதிச் சாளரத்தில் 3,00,000 வரை கடன் வாங்க அனுமதி இருக்கும். தயங்காமல் முழுவதையும் வாங்கிவிடுங்கள். வட்டி குறைவு, ஓடும் ரயில் அதை எளிதில் கட்டிவிடும். பணம் போதாமல் பாதை பாதியில் நிற்பதுதான் உண்மையான நஷ்டம்.

தொழிற்சாலைகளின் பட்டியலைத் திறந்து, மாதத்துக்கு 100 டன்னுக்கு மேல் நிலக்கரி தரும் சுரங்கம் ஒன்றைப் பாருங்கள். பிறகு அதிலிருந்து 50 முதல் 80 கட்டம் தள்ளி இருக்கும் மின்நிலையத்தைத் தேடுங்கள். மிக அருகில் இருந்தால் கூலி குறைவு. மிகத் தொலைவில் இருந்தால் கட்டும் செலவுக்கே கடன் போய்விடும்.

இங்கே கூலி கணக்கிடும் விதம் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு சரக்கு, எவ்வளவு தூரம், எத்தனை நாளில் என்ற மூன்றையும் பார்த்துப் பணம் தருகிறார்கள். தூரம் என்பது இரு நிலையங்களுக்கும் இடையே நெடுக்கிலும் குறுக்கிலும் கட்டங்களை எண்ணிக் கூட்டினால் வருவது. தண்டவாளத்தைச் சுற்றி வளைத்துப் போட்டால் கூலி ஒரு காசு கூடாது. தாமதம் மட்டும் கூடும். பயணிகளும் தபாலும் தாமதத்தைப் பொறுப்பதில்லை. நிலக்கரி பொறுக்கும், கெட்டுப்போகிற பண்டமா என்ன. புதியவருக்கு நிலக்கரியைச் சொல்வது அதனால்தான்.

நிலையம்

ரயில் நிலையத்துக்கு 4 கட்டம் வரை பிடிப்பு எல்லை உண்டு, அதற்குள் இருக்கும் தொழிற்சாலையோடுதான் சரக்குத் தொடர்பு. நிலையம் கட்டும் சாளரத்தில் எல்லையை வெளிச்சமிட்டுக் காட்டும் பொத்தானை அழுத்திவிட்டுச் சுட்டியை நகர்த்துங்கள். சுரங்கத்தின் அருகே வரும்போது 'தரும்' வரிசையில் நிலக்கரி தெரிய வேண்டும். மின்நிலையத்தின் பக்கம் 'ஏற்கும்' வரிசையில் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் கட்டினால் ரயில் போகும், வரும், காசு வராது.

இரண்டு இடத்திலும் இரண்டு பிளாட்பாரம், 5 கட்ட நீளம். ஒரு ரயிலுக்கு எதற்கு இரண்டு என்று கேட்காதீர்கள், பின்னால் வருகிறது. கட்டிய உடனே சுரங்க நிலையத்தில் நிலக்கரி குவியும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வண்டி வந்து நின்று ஏற்றத் தொடங்கிய பிறகுதான் சரக்கு வரத் தொடங்கும்.

தண்டவாளமும் மேடும்

எந்தத் திசையிலும் இழுத்துப் போடும் தானியங்கித் தண்டவாளக் கருவியை எடுத்துக்கொண்டு நிலையத்திலிருந்து நிலையத்துக்கு ஓர் ஒற்றைப் பாதை இழுங்கள். இரண்டு முனையிலும் இரண்டு பிளாட்பாரத் தண்டவாளங்களையும் நிலையத்துக்குச் சற்று வெளியே அதோடு சேருங்கள். செங்கோணத்தில் ஒடியும் வளைவுகள் வேண்டாம், வண்டி வேகத்தை இழந்துவிடும். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி எதைக் கட்டினாலும் அது கட்டப்படாது, எவ்வளவு செலவாகும் என்று மட்டும் சொல்லும். இந்த ஒரு விசையைப் பழகிக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

சமதள வரைபடத்திலும் சின்னச் சின்ன மேடுகள் வரத்தான் செய்யும். குகை குடையலாமா, சுற்றிப் போகலாமா என்று ஷிஃப்ட்டை அழுத்திக் கேட்டுப் பாருங்கள். குகை நீள நீள விலை மளமளவென்று ஏறும். பதின்மூன்று கண் பாலமும் குகைகளுமாக 1904-இல் நம் மலையில் பாதை போட்டவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, உங்களுக்கு இருக்கிறது. முழுச் சுமையோடு ஏறும் பக்கத்தை மட்டும் கவனியுங்கள், திரும்பும்போது காலி வண்டிதான். இரண்டு ஏற்றங்கள் அடுத்தடுத்து வந்தால் நடுவே ஒரு ரயில் நீளத்துக்குச் சமதளம் விடுங்கள். ஒரே நேரத்தில் எல்லா வேகன்களும் மேட்டில் தொங்காது. அப்படியும் வண்டி ஊர்ந்தால் இன்னோர் எஞ்சின் சேர்த்துக்கொள்ளலாம். நம் மலைப்பாதையில் ஓடும் பாலருவி எக்ஸ்பிரஸில் செய்வதுபோல் பின்னால்தான் பூட்ட வேண்டும் என்பதில்லை, இங்கே எங்கே வைத்தாலும் இழுவை ஒன்றுதான்.

முதல் ரயில்

சுரங்க நிலையத்துக்குச் சற்று வெளியே, பாதையின் ஓரத்தில் ஒரு டிப்போ கட்டி அதைத் தண்டவாளத்தோடு இணையுங்கள். நிலையத்துக்கும் டிப்போவுக்கும் நடுவே இரண்டு மூன்று கட்டம் இடைவெளி இருக்கட்டும். டிப்போவைத் திறந்தால் எஞ்சின்களின் பட்டியல் வரும். மலிவானது கிர்பி பால் டாங்க் என்னும் நீராவி எஞ்சின்: மணிக்கு 64 கிலோமீட்டர், 300 குதிரைத்திறன். முதல் ஆட்டத்துக்கு இது போதும். அதன் பின்னால் 7 நிலக்கரி வேகன்கள், வேகனுக்கு 20 டன். எஞ்சினோ வேகனோ எதுவும் அரைக் கட்டம் பிடிக்கும். ஆக 8 உருப்படிகள், 4 கட்டம். 5 கட்டப் பிளாட்பாரத்தில் தாராளமாக நிற்கும். பிளாட்பாரத்தைவிட வண்டி நீண்டால் ஏற்றுவது மந்தமாகிவிடும்.

இப்போது வண்டியின் கட்டளைப் பட்டியல். முதலில் சுரங்க நிலையம். அதற்கு ஃபுல் லோட் கட்டளை கொடுங்கள், வண்டி நிறையும்வரை அசையாது. இரண்டாவது மின்நிலையம், அதற்கு எந்தக் கூடுதல் கட்டளையும் வேண்டாம். டிரான்ஸ்ஃபர் என்று ஒரு கட்டளை கண்ணில் படும், அதைத் தொடாதீர்கள். சரக்கை இறக்கி அங்கேயே போட்டுவிடும், பணம் வராது. சாளரத்தின் அடியில் இருக்கும் சிவப்புக் கொடியைச் சொடுக்கினால் பச்சையாகும், வண்டி கிளம்பும்.

வேகத்தைக் கூட்ட டேப் விசை இருக்கிறது. முதல் நடைக்கு மட்டும் அதை அழுத்தாமல் வண்டியோடு கூடவே போய்ப் பாருங்கள். 60 கட்டத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நிமிடம். எந்த வளைவில் திணறுகிறது, எந்த மேட்டில் வேகம் குறைகிறது என்று தெரியும். மின்நிலையத்தில் நின்றதும் வண்டியின் தலைக்கு மேல் பச்சை எழுத்தில் வருமானம் மிதந்து எழும்.

இரண்டாவது ரயில்

இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். புனலூரில் இருக்கும் என் அக்கா மகன் தொலைபேசியில் கேட்டது இது:

"மாமா, இரண்டாவது வண்டி டிப்போவை விட்டு வெளியே வரமாட்டேன் என்கிறது. கொடி பச்சையாகத்தான் இருக்கிறது."

"முதல் வண்டி எங்கே இருக்கிறது, மாப்பிள்ளை?"

"பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது."

"அதுதான். சிக்னல் வைத்தாயா?"

"எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மாமா."

சிக்னலே இல்லாத பாதை முழுவதும் ஒரே துண்டு. அதில் ஒரு வண்டி எங்காவது இருக்கும்வரை டிப்போவின் கதவு அடுத்த வண்டிக்குத் திறக்காது. முதல் வண்டி எப்போதும் அந்தத் துண்டில்தான் இருக்கும் என்பதால் இரண்டாவது வண்டி ஆயுளுக்கும் உள்ளேயே கிடக்கும். இதற்குப் பதற்றத்தில் செய்யும் காரியம், பாதை நெடுகப் பத்துக் கட்டத்துக்கு ஒன்றாகச் சிக்னல்களை நட்டுவிடுவது. உடனே இரண்டாவது வண்டி கிளம்பும். நடுவழியில் முதல் வண்டியோடு முகத்துக்கு முகம் நிற்கும். இரண்டும் நகராது.

சரியான இடம் இதுதான். பாத் சிக்னல் என்ற வகையை எடுங்கள்; ஒருவழிப் பாத் சிக்னல் அல்ல, சாதாரணமானது. நிலையத்தை விட்டு வெளியே வரும் இரண்டு தண்டவாளங்களும் ஒன்றாகச் சேர்வதற்கு முன்னால், பிளாட்பாரம் முடிந்த அடுத்த கட்டத்தில், தண்டவாளத்துக்கு ஒன்றாக வையுங்கள். விளக்கின் முகம் பிளாட்பாரத்தைப் பார்க்க வேண்டும்; வெளியேறும் வண்டி அதன் முன்னால் நிற்க வேண்டும். திசை தவறாக விழுந்தால் மறுபடி சொடுக்குங்கள், திரும்பும். மின்நிலையத்தின் பக்கமும் அதேபோல் இரண்டு. மொத்தம் நான்கே சிக்னல்கள். நடுப்பாதையில் ஒன்றுகூட வேண்டாம்.

இது எப்படி வேலை செய்கிறது? பாத் சிக்னலின் முன் நிற்கும் வண்டி, தான் அடுத்து நிற்கப்போகும் பத்திரமான இடம்வரை பாதையை முழுவதுமாக முன்பதிவு செய்துகொண்ட பிறகுதான் கிளம்பும். நம் பாதையில் அந்தப் பத்திரமான இடம் எதிர்முனையில் காலியாக இருக்கும் பிளாட்பாரம். உள்ளே வரும் வண்டி சாதாரணப் பாத் சிக்னலைப் பின்பக்கமாகக் கடந்து போகலாம், தடையில்லை. ஆகவே ஒரு வண்டி பாதையில் இருக்கும்வரை மற்றது பிளாட்பாரத்தில் காத்திருக்கும். அது வந்து சேர்ந்ததும் இது கிளம்பும். சிக்னல் எங்கே வைக்கலாம் என்று சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த இடத்தில் ஒரு வண்டி நெடுநேரம் நின்றால் யாருக்காவது வழி அடைபடுமா? அடைபடும் என்றால் அங்கே வைக்கக்கூடாது.

மூன்றாவது ரயிலும் இதே பாதையில் ஓடும். நான்காவதை விட்டுப் பாருங்கள். சில மாதத்தில் மொத்தமும் உறைந்துவிடும். நான்கு பிளாட்பாரத்திலும் நான்கு வண்டிகள், ஒவ்வொன்றும் எதிர்முனையில் ஓர் இடம் காலியாகட்டும் என்று காத்திருக்கும். பிளாட்பாரங்களைவிட வண்டிகள் குறைந்தது ஒன்றாவது குறைவாக இருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

நான்காவது ரயில் வேண்டும் என்றால் நடுவழியில் ஒரு கிராசிங் கட்டுங்கள். பாதையின் மத்தியில் ஒற்றைத் தண்டவாளத்தை இரண்டாகப் பிரித்து, 5 அல்லது 6 கட்டம் பக்கத்துப் பக்கமாக ஓடவிட்டு, மறுபடி ஒன்றாக்குங்கள். இங்கேதான் ஒருவழிப் பாத் சிக்னலுக்கு வேலை. ஒரு தண்டவாளம் போகும் வண்டிக்கு, மற்றது வரும் வண்டிக்கு; ஒவ்வொன்றிலும் அந்தந்தத் திசையில் வெளியேறும் முனையில் ஒரு சிக்னல். கிராசிங்கின் நீளம் ரயிலின் நீளத்தைவிடக் குறைந்தால் வால் வெளியே நீட்டிக்கொண்டு ஒற்றைப் பாதையை மறித்துவிடும். எதிர்வண்டி நுழைய முடியாமல் அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை.

ஓட ஆரம்பித்த பிறகு

சுரங்கத்தைச் சொடுக்கினால் போன மாத உற்பத்தியில் எத்தனை சதவீதத்தை நீங்கள் எடுத்துச் சென்றீர்கள் என்று காட்டும். அது 60-ஐத் தாண்டி இருந்தால் உற்பத்தி கூடுவதற்கான வாய்ப்பு அதிகம். குறைந்தால் அடிக்கடி வண்டி வரவில்லை என்று பொருள். எவ்வளவு சரக்கு உங்களிடம் வரும் என்பதை நிலையத்தின் மதிப்பீடுதான் தீர்மானிக்கிறது; அங்கே எப்போதும் ஒரு வண்டி ஏற்றிக்கொண்டு நின்றால் அது விழாது. ஃபுல் லோட் கட்டளையின் இன்னொரு நன்மை இது.

பாதை போடும்போது கண்மூடித்தனமாக மரங்களை வெட்டினால் பக்கத்து ஊர் நிர்வாகம் முறைத்துக்கொள்ளும். அடுத்த நிலையத்துக்கு அனுமதி மறுக்கும். ஊரைச் சுற்றி மரம் நட்டால் கோபம் தணியும். லஞ்சம் கொடுக்கும் வசதியும் பட்டியலில் இருக்கிறது. பிடிபட்டால் நிலைமை முன்பைவிட மோசமாகும், மரமே மலிவு.

எஞ்சின்களுக்கு ஏறத்தாழ 15 ஆண்டு ஆயுள். வண்டி கிழடாகிறது என்று செய்தி வந்தால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை நிறுவன அமைப்புகளில் இயக்கிவிடுங்கள்.

உற்பத்தி பெருகி, கிராசிங்கிலேயே வண்டிகள் பாதி நேரத்தைக் கழிப்பது தெரிந்தால் இரட்டைப் பாதைக்கு நேரம் வந்துவிட்டது. பழைய பாதையை ஒட்டி இன்னொன்று இழுத்து, ஒன்று போக, ஒன்று வர என்று பிரித்து, இரண்டிலும் ஒரு ரயில் நீளத்துக்கு ஒன்றாக ஒருவழிப் பாத் சிக்னல்களை வையுங்கள். நடுவழியில் சிக்னல் வைக்காதீர்கள் என்ற தடை ஒற்றைப் பாதைக்கு மட்டும்தான். வேலையைத் தொடங்கும் முன் வண்டிப் பட்டியலிலிருந்து எல்லா ரயில்களையும் டிப்போவுக்கு அனுப்பி நிறுத்திவிட்டு, ஆட்டத்தை வேறொரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பாதையில் சிக்னலைப் பிடுங்கினால் இரண்டு ரயில்கள் மோதி நொறுங்கக்கூடும்; இழப்பீடு என்று ஒரு காசும் வராது.